நகரவே முடியாத பாக்டீரிய ஸ்போர் நூற்புழுவை எப்படிப் பிடிக்கிறது?

ஸ்போர் என்பது பாக்டீரியாவின் உறங்குநிலை வித்து; அது தேடிப் போவதில்லை. மண்ணில் வாழும் நூல் போன்ற நுண்புழுவான நூற்புழுதான் வந்து மாட்டிக்கொள்கிறது. தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சு போடும் நூற்புழுவையும் அதன் எதிரியான பாஸ்டூரியா பெனிட்ரன்ஸ் பாக்டீரியாவையும் எடுத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து வந்த இளம்புழு, வேரைத் தேடி மண்ணின் ஈர இடுக்குகளில் நெளிந்து போகும்போது, அங்கே கிடக்கும் ஸ்போர்கள் அதன் தோலில் உரசி ஒட்டுகின்றன.

ஒட்டவைப்பது எது? ஸ்போரின் மேற்பரப்பில் கொலாஜன் (நம் தோலிலும் இருக்கும் நார்ப் புரதம்) போன்ற நுண்ணிழைகள் உண்டு. அவை புழுத்தோலின் மேலுள்ள சர்க்கரை சேர்ந்த புரதங்களைப் பற்றிக்கொள்வதாகக் கருதப்படுகிறது. செருப்புப் பட்டையில் வரும் வெல்க்ரோ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வெல்க்ரோ ஆள் பார்த்துத்தான் ஒட்டும்: ஒரு புழு இனத்தில் அப்பிக்கொள்ளும் ஸ்போர் இன்னொன்றைச் சீண்டாது. வயலில் இந்த பாக்டீரியாவைப் பயன்படுத்துவதில் உள்ள பெரிய தலைவலிகளில் இதுவும் ஒன்று.

ஒட்டியதும் புழு சாவதில்லை. அது வேருக்குள் புகுந்து உண்ணத் தொடங்கிய பிறகே ஸ்போர் முளைத்துத் தோலைத் துளைக்கிறது. பெண்புழு முட்டைக்குப் பதில் லட்சக்கணக்கான ஸ்போர்களால் நிரம்பி, வேர் அழுகும்போது அவற்றை மண்ணில் விட்டுச்செல்கிறது.