பவளத் தொட்டியில் பழுப்புக் கோழை

கேள்வி: உப்புநீர் பவளத் தொட்டியில் மணல் மேலும் பாறை மேலும் பழுப்புக் கோழை படர்கிறது. உறிஞ்சி எடுத்தாலும் இரண்டே நாளில் திரும்பிவிடுகிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். தண்ணீரை இன்னும் அடிக்கடி மாற்றலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பூஜ்யம்தான் பெரும்பாலும் சிக்கலே: நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகள் அற்றுப்போனால் கோழைக்குப் போட்டியாக நிற்கும் நல்ல உயிர்கள் நலிந்துவிடும். கோழை உண்டாக்கும் இன்னொன்றான சயனோபாக்டீரியா (ஒளியில் வளரும் பாக்டீரியா) கருஞ்சிவப்பாக, பாலாடை போல ஒரே படலமாக உரிந்து வரும். உங்களுடையது சளி மாதிரி இழைஇழையாக, நுனியில் குமிழோடு நிற்கிறதா? இரவில் குறைந்து மதியம் அடர்கிறதா? அப்படியானால் டைனோஃபிளாஜெல்லேட்டை (சுருக்கமாக டைனோ; நுண்ணிய ஒருசெல் உயிரி) சந்தேகியுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு (சில வகைகள் கடும் நச்சு, நத்தைகள் சாவதும் அதனால்தான்) கொஞ்சம் கோழையைத் தொட்டி நீரோடு பாட்டிலில் குலுக்குங்கள். காபி ஃபில்டர் தாளில் வடித்து, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழையாகத் திரண்டால் டைனோதான்.

டைனோ என்று உறுதியானால் பாஸ்பேட் உறிஞ்சியைக் கழற்றிவிடுங்கள். நைட்ரேட்டை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை சில நாட்களில் மெல்ல ஏற்றுங்கள். புதிய பாறை பாஸ்பேட்டை இழுத்துக்கொள்ளும், இன்று 0.08 காட்டியது நாளை பூஜ்யமாகலாம். எனவே தினமும் அளந்து பாருங்கள்.

எந்த வகை டைனோ என்று பார்க்க 400 மடங்கு மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை இரவில் நீரில் மிதக்கும், அதற்கு நீரைச் சுத்திகரிக்கும் யுவி (புற ஊதா) விளக்கு நன்றாக வேலை செய்யும். ஆம்ஃபிடினியம் என்ற வகை மணலிலேயே கிடக்கும். அதற்கு யுவி வாங்குவது வீண்செலவு.

எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள். அது சயனோவுக்கான மருந்து. டைனோ சாகாது, போட்டிக்கு நிற்கும் நல்ல பாக்டீரியாதான் அடிபடும்.