கார்டை மட்டும் மாத்தவா, மொத்தமா மாத்தவா? (கம்ப்யூட்டர் கேள்வி பதில்)

இந்த தடவை தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன். எல்லாமே பழைய கேமிங் பிசி சமாச்சாரம்தான். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கையை விரிச்சதுல இருந்து நிறைய பேருக்கு திடீர்னு வீட்ல இருக்கற மெஷின் கிழடா தெரிய ஆரம்பிச்சிடுச்சு.

பாலக்கோடு வாசகர்: அண்ணா, 2017ல காலேஜ் சேர்ந்தப்போ அப்பா வாங்கி கொடுத்த பிசி. ஐ5 7400, பி250 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கேபினெட்டோட வந்தது, அதுல பேரு கூட இல்ல. இப்ப ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிஃப்ட் முடிச்சு வந்து ஃப்ரெண்ட்ஸோட வேலரண்ட் ஆடினா சண்டை வர்ற நேரம் பார்த்து திக்கி திக்கி நிக்குது. டாஸ்க் மேனேஜர்ல சிபியு (ப்ராசஸர்) 100%, ஜிபியு (கார்டு) 50%ஐ தாண்டல. தர்மபுரில ஒரு கடைக்காரர் எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு புதுசு எடுன்றாரு, ரூம்மேட் ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் போட்டா பறக்கும்ன்றான். கையில 30,000 இருக்கு, தக்காளி நல்ல விலைக்கு போச்சுன்னா அப்பா இன்னும் கொஞ்சம் தர்றேன்னு இருக்காரு. என்ன பண்ணட்டும்?

தம்பி, பதிலை நீயே கேள்விக்குள்ள எழுதிட்ட. சிபியு 100ல முட்டிக்கிட்டு ஜிபியு 50லயே நிக்குதுன்னா கார்டு சும்மா உக்காந்திருக்குன்னு அர்த்தம். உங்க ஊரு தக்காளி மண்டில லோடு ஏத்த ஒரே ஆளை வெச்சுக்கிட்டு சின்ன வண்டிய அனுப்பிட்டு பெரிய லாரி கொண்டாந்து நிறுத்தினா சரக்கு சீக்கிரம் கிளம்பிடுமா? 3060 போட்டாலும் வேலரண்ட்ல அதே திக்கல்தான் இருக்கும், ரூம்மேட் சொல்றதை கேட்டு கார்டுக்கு காசு போட்டுடாத. இதுவே தலைகீழா, ஜிபியு 97, 98ல நின்னு சிபியு 60ல இருந்திருந்தா அவன் சொல்றது சரி.

ஆனா கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு வேலை, பைசா செலவில்லாதது. கேபினெட்டை கழட்டி பாரு. ஒன்பது வருஷ தூசி ப்ராசஸர் ஃபேன்ல கம்பளி மாதிரி அடைஞ்சிருக்கும், அந்த 7400 சூடு 100 டிகிரி கிட்ட போனா தானே வேகத்தை குறைச்சுக்கும். பிரஷ் வெச்சு தட்டி, ப்ளோயர்ல ஊதி (ஊதும்போது ஃபேன் சுத்தாம விரல்ல புடிச்சுக்க), தெர்மல் பேஸ்ட் புதுசா போட்டு ஒரு வாரம் ஆடி பாரு. பஞ்சர் கடை ஏர் மட்டும் வேண்டாம், அந்த டேங்க்ல தேங்கற தண்ணியும் சேர்ந்து அடிக்கும், நம்ம ஆளுங்க பாதி பேரு அங்கதான் வண்டிய நிறுத்துறாங்க.

தூசி தட்டியும் சரியாகலன்னா ப்ராசஸர்தான் போதல. 7400ல நாலு கோர், நாலு த்ரெட் அவ்வளவுதான், கேம் ஒரு பக்கம் டிஸ்கார்டு ஒரு பக்கம் க்ரோம் ஒரு பக்கம்னு ஓடினா அதுக்கு மேல முடியாது. இங்கதான் ஒரு குழி இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல ஐ5 8400 வாங்கி இதே போர்டுல போட்டுடலாம்னு யாராவது சொல்வாங்க. சாக்கெட் பேரும் அதே 1151தான், பார்த்தா அப்படியே உக்காரவும் செய்யும், ஆனா பி250ல அது ஓடாது, எட்டாவது தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேணும்னு இன்டெல் கட்டி வெச்சிடுச்சு. இந்த போர்டுக்கு போடக்கூடிய பெருசு ஐ7 7700 வரிசைதான், நாலு கோர் எட்டு த்ரெட், கொஞ்சம் நல்லாவே இருக்கும், ஆனா அதுவும் விண்டோஸ் 11 லிஸ்ட்ல கிடையாது. நாளைக்கு போர்டு போச்சுன்னா ப்ராசஸரும் அதோட போச்சு. அடுத்த மெஷினுக்கு கூட வராத பொருளுக்கு காசு போடாதன்றதுதான் என் கணக்கு, கீழ வர்ற எல்லா கேள்விக்கும் இதே கணக்குலதான் பதில் சொல்லியிருக்கேன்.

அதனால 30,000ஐ இப்படி போடு. ப்ராசஸரும் போர்டும் மாத்து, ஆனா டிடிஆர்4 போர்டா பார்த்து வாங்கு. ஐ5 12400எஃப் கூட டிடிஆர்4 எடுக்கற ஹெச்610 இல்ல பி660, இல்லாட்டி ரைசன் 5 5600 கூட பி550. ரெண்டுமே ஆறு கோர் பன்னண்டு த்ரெட், ரெண்டுமே 2022ல வந்தது, புதுசு இல்லதான், உன் வேலைக்கு தாராளம். கடையில டிடிஆர்5 எடு, அதுதான் எதிர்காலம்னு சொல்வாங்க, தப்பில்ல, ஆனா 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரி சிப்பை அள்ளிக்கிட்டு போறதுல ரேம் விலை எங்கயோ போயிடுச்சு, க்ரூஷியல் பேருல கடை ரேம் வித்துட்டிருந்த மைக்ரான் கம்பெனியே அந்த வியாபாரத்தை மூடறோம்னு டிசம்பர்ல சொல்லிடுச்சு. இந்த நேரத்துல உன் கிட்ட இருக்கற அந்த ஒத்தை 8 ஜிபி ஸ்டிக்கும் காசுதான், அதை வெச்சுக்கிட்டு இன்னொரு 8 ஜிபி செகண்ட் ஹேண்ட்ல தேடு, ரேம் அவ்வளவு சீக்கிரம் கெட்டு போற சாமான் இல்ல. ஜோடியா போட்டா டூயல் சேனல்ல ஓடும், அதுலயே திக்கல் கொஞ்சம் குறையும்.

கூடவே எஸ்எஸ்டி, 500 ஜிபி போதும், விண்டோஸும் ஆடற கேமும் அதுல, மத்ததெல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்ல கெடக்கட்டும். அப்புறம் அந்த பேரில்லாத எஸ்எம்பிஎஸ். மேல 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கும், அதை எழுதினவனுக்கே அது நம்பிக்கை இருக்காது. ப்ராண்டட் 550 வாட்ஸ், 80 ப்ளஸ் ப்ரான்ஸ், இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அது போகும்போது தனியா போகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கிட்டு போகும். எல்லாம் 30,000ல அடங்கலன்னா ரேம் ஸ்டிக்கை தள்ளி போடு, எஸ்எம்பிஎஸ்ஸை தள்ளாத.

1060ஐ அப்படியே வெச்சுக்க. வேலரண்டுக்கு அது இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாங்கும். எஃப்னு முடியற ப்ராசஸர்ல டிஸ்ப்ளே கிடையாது, கார்டு போச்சுன்னா திரையே வராது, அது ஞாபகம் இருக்கட்டும். அந்த கார்டுக்கு என்விடியா புது கேம் ட்ரைவர் போடறதை 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும். இண்டியானா ஜோன்ஸ் கேம், டூம் த டார்க் ஏஜஸ் மாதிரி ரே ட்ரேசிங் (வெளிச்சம், நிழலை நிஜம் மாதிரி காட்டற வசதி) கார்டு இருந்தாத்தான் ஓடுவேன்னு அடம் புடிக்கற கேமெல்லாம் 1060ல ஓடாது. அது வேணும்னு தோணறப்போ, தக்காளி காசு வரட்டும், அப்ப கார்டை பார்க்கலாம், போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் ரெடியா இருக்கும்.

இன்னொண்ணு, பழைய மெஷின்லயே செக்கிங்கை தாண்டி விண்டோஸ் 11 ஏத்தி தர்றேன்னு சில பேரு 500 ரூபாய் வாங்கறாங்க. ஏறும். ஆனா விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதியும் ஆன்ல இல்லன்னா வேலரண்ட் உள்ளயே விடாது. நீ ஆடறதே அதுதானே.

கடைக்காரர் சொன்னதும் பாதி சரிதான், ஆனா கேபினெட், மானிட்டர், கார்டு, ரேம், டிஸ்க் எல்லாத்தையும் எதுக்கு தூக்கி போடணும்? பில்லுல ஒவ்வொரு சாமானும் தனித்தனியா சீரியல் நம்பரோட இருக்கணும்னு கேளு, "கம்ப்யூட்டர் செட் 1"னு ஒரே வரில எழுதி கொடுத்தா வாங்காத.

ஓசூர் வாசகர்: ரைசன் 5 2600, பி450, 16 ஜிபி, ஆர்எக்ஸ் 580. எல்லாத்தையும் வித்துட்டு ஏஎம்5 போயிடலாமா?

எதுக்குங்க? உங்க போர்டு ஏஎம்4 (ஏஎம்டி ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட் பேரு, ஏஎம்5 அதுக்கு அடுத்தது). பயோஸ் (போர்டுக்குள்ளயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டா ரைசன் 5 5600 அதே சாக்கெட்ல உக்காரும், எங்கயாவது 5700எக்ஸ்3டி கிடைச்சா இன்னும் விசேஷம், கேமுக்குன்னே பெரிய கேஷ் வெச்சு செஞ்சது அது. ஏஎம்5 போனா போர்டு, ப்ராசஸர், டிடிஆர்5 ரேம் மூணும் வாங்கணும், ரேம் கதை மேலயே சொல்லிட்டேன். பழைய ப்ராசஸர் உள்ள இருக்கும்போதே பயோஸை ஏத்துங்க, கழட்டின அப்புறம் ஏத்த நினைச்சா திரையே வராது. கரண்ட் போற நேரத்துல ஆரம்பிக்காதீங்க, யுபிஎஸ்ல சொருகிட்டு பண்ணுங்க. அடுத்து கார்டு, உங்களுக்கு நிஜமா இடிக்கறது 580தான்.

பஸ் ஏறினா பெங்களூரு எஸ்பி ரோடு போயிடலாம்னு ஓசூர்காரங்க எல்லாரும் சொல்றீங்க, போங்க, பேரம் பேசுங்க, ஆனா பில் இல்லாம ரேட் குறைச்சு தர்றேன்னா வேண்டாம்னுட்டு அடுத்த கடைக்கு நடங்க, நாளைக்கு வாரண்டிக்கு போய் நின்னா முதல்ல கேக்கறதே பில்லைத்தான்.

அரூர் வாசகி: சார், பையன் ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். வீட்ல 2019ல வாங்கினது இருக்கு, ஐ3 9100, 4 ஜிபி, ஆன் ஆகறதுக்குள்ள டீ போட்டு குடிச்சிடலாம். படிப்புக்கு கேமிங் பிசிதான் வேணும், 1 லட்சம் ஆகும்னு ஒத்தை கால்ல நிக்கறான். நிஜமாவே வேணுமா?

அம்மா, அவன் பாடத்துல இருக்கறது ப்ளஸ் ஒன்ல சி ப்ளஸ் ப்ளஸ், ப்ளஸ் டூல பைத்தான், கொஞ்சம் மைஎஸ்க்யூஎல். இதெல்லாம் உங்க வீட்டு மெஷின்லயே தூங்கிக்கிட்டே ஓடும். மெதுவா இருக்கறதுக்கு காரணம் ஹார்ட் டிஸ்க்கும் அந்த 4 ஜிபி ரேமும்தான். ஒரு எஸ்எஸ்டி, கூட 8 ஜிபி ரேம், தெரிஞ்ச பையன் யாராவது இருந்தா அரை நாள் வேலை. ஒன்பதாவது தலைமுறைன்றதால விண்டோஸ் 11ம் முறைப்படியே ஏறும், டிபிஎம் இல்லன்னு காட்டினா பயோஸ்ல பிடிடினு ஒரு செட்டிங் ஆஃப்ல இருக்கும், அதை ஆன் பண்ண சொல்லுங்க.

படிப்புன்னு சொல்லி கேம் கேக்கறான், அதுக்காக அவனை ரொம்ப திட்டாதீங்க, அந்த வயசுல நாங்க ட்யூஷன் பேரை சொல்லிட்டு ப்ரவுசிங் சென்டர்ல கிடந்தவங்கதான். கேம் வேணும்னா கேம்னே கேக்க சொல்லுங்க. கேட்டான்னா ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபின்னு ஒரு கார்டு இருக்கு, 70 வாட்ஸ்தான் இழுக்கும், தனியா பவர் ஒயர் வேண்டாத மாடலா பார்த்து வாங்கினா இதே மெஷின்ல சொருகிக்கலாம். பெயர் எழுதின கம்பெனி செட்டா, ஒல்லி கேபினெட்டான்னு மட்டும் பார்த்துக்கங்க, ஒல்லின்னா சாதா சைஸ் கார்டு உள்ள போகாது. 6 ஜிபின்றதை அழுத்தி கேளுங்க, 8 ஜிபி 3050 வேற சாமான், அதுக்கு பவர் ஒயர் வேணும்.

பென்னாகரம் வாசகர்: புது கார்டு போட்டதுல இருந்து கரண்ட் போனா என் 600 விஏ யுபிஎஸ் கீச்னு கத்திட்டு எல்லாம் ஆஃப் ஆயிடுது. கேம் ஆடாம இருந்தா நிக்குது. கார்டுல கோளாறா?

கார்டு மேல தப்பில்ல. உங்க யுபிஎஸ் 600 விஏ, அதுல நிஜமா எடுக்க முடியறது 360 வாட்ஸ் சுமார்தான், அதுவும் பேட்டரி புதுசா இருந்தா. கேம்ல பிசி 300 வாட்ஸ் இழுக்கும், மானிட்டர் ஒரு 30, ஸ்பீக்கரும் அதுலயேதான் சொருகியிருப்பீங்க. 1000 இல்ல 1100 விஏ வாங்குங்க, அது கேம் ஆடறதுக்கு இல்ல, ஒழுங்கா ஷட் டவுன் பண்றதுக்கு. அப்படியே ஒரு எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு எர்த் பாருங்க. பழைய வீட்ல மூணு பின் சாக்கெட் இருக்கும், மூணாவது ஓட்டைக்கு பின்னாடி ஒயரே இருக்காது. கேபினெட்டை தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னா அதேதான்.

கிருஷ்ணகிரி வாசகர்: ஆன்லைன்ல 3060 12 ஜிபி பாதி விலைக்கு வருது, மைனிங்ல (கார்டை ராத்திரி பகலா ஓட்டி க்ரிப்டோ காசு எடுக்கறது) ஓடினதா இருக்குமோன்னு பயமா இருக்கு.

இருக்கலாம். 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ன்ற க்ரிப்டோ காசு மைனிங்கையே நிறுத்தினப்போ கொத்து கொத்தா கார்டு மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அதுல பல கார்டு இன்னும் கை மாறிக்கிட்டே இருக்கு. மைனிங் கார்டுன்னாலே குப்பைன்னு நான் சொல்ல மாட்டேன், ஃபேனும் தெர்மல் பேடும் போயிருக்கும், மாத்தினா ஓடும். பயப்பட வேண்டியது டூப்ளிகேட்டுக்குத்தான். பழங்கால கார்டோட பயோஸை மாத்தி எழுதி 1050 டிஐனு வித்த கூட்டம் இருக்கு, ஜிபியு-இசட்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டா போலின்னு காட்டி கொடுத்துடும். நேர்ல போய், அவங்க பிசிலயே அதை போட்டு பார்த்து, 20 நிமிஷம் ஃபர்மார்க் (கார்டை முழு லோடுல ஓட்டி பார்க்கற சாஃப்ட்வேர்) ஓட விட்டு, திரையில கலர் புள்ளி வருதா, ஃபேன் கரகரக்குதான்னு பார்த்துட்டு காசு கொடுங்க. கொரியர்ல அனுப்பறேன், முன்பணம் போடுங்கன்னா போனை வெச்சிடுங்க.

காவேரிப்பட்டினம் வாசகர்: புதுசு வாங்கிட்டேன். பழைய பிசியை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்தா ரொம்ப கம்மியா கேக்கறாங்க.

மொத்தமா கொடுத்தா அப்படித்தான் கேப்பாங்க. கார்டு, ரேம், மானிட்டர் தனித்தனியா வித்து பாருங்க, இப்ப இருக்கற ரேம் விலைக்கு டிடிஆர்4க்கு ஆளு வரும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டி வெச்சுக்கங்க, அதுல உங்க பேங்க் பாஸ்வேர்டுல இருந்து கல்யாண போட்டோ வரைக்கும் இருக்கும், ஃபார்மேட் பண்ணிட்டேன்றது பத்தாது.