மகள் சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்கட்டுமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடிக்கும் மகள் சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்க ஆசைப்படுகிறாள், சொந்தக்காரர்களோ "மரம் நடுவதற்கு ஒரு டிகிரியா?" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தத் துறைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு குஜராத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே மாசு அதிகமுள்ள ஆலைகள் ஆண்டுதோறும் வெளியாளை வைத்துத் தணிக்கை செய்து, அரசுக்கு அறிக்கை தர வேண்டும். தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது ஆலை. கூலி கொடுப்பதும் அதே ஆலை. புகைபோக்கித் தூசு கன மீட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அறிக்கைகளில் பார்த்தால், பெரும்பாலான அளவுகள் அந்த 150-க்குச் சற்றுக் கீழேயே வந்து நின்றன! கூலி தரும் ஆலைக்குச் சாதகமாக எழுதிக் கொடுத்ததுதான் காரணம். எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஒரு மாற்றம் செய்தார்கள். எந்த ஆலைக்கு யார் போவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, சில இடங்களில் மறுபடி அளந்தும் பார்த்தார்கள். அறிக்கைகளில் உண்மை வரத் தொடங்கியது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. இது 2013-ல் வெளியான ஆய்வு. சட்டம் இருந்தும் கண்காணிக்க ஆள் போதாத நம்மைப் போன்ற நாடுகளில், பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.

சரி, மகளுக்குக் கணக்கு எப்படி? நான் முதலில் கேட்பது இதைத்தான். புள்ளியியல் இல்லாமல் இங்கே ஒன்றும் ஓடாது. இயற்கை மேல் பாசம் மட்டும் இருந்து, கணக்கைக் கண்டால் ஓடுகிற பிள்ளை என்றால் வேறு படிப்பைப் பார்க்கலாம்.

கணக்கு வரும் என்றால், இளங்கலையில் வெறும் பொருளாதாரமே எடுக்கட்டும். முதுகலையில் சிறப்புப் பாடமாக இதை எடுக்க சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. டெல்லியில் டெரி (TERI) என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேருமுன் ஒன்றைக் கவனியுங்கள். மத்திய அரசில் பொருளாதார அதிகாரிகளை எடுக்க யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வின் பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் உண்டு. ஆனால் தகுதியாகக் கேட்கும் முதுகலைப் பட்டங்கள் பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், எகனாமெட்ரிக்ஸ் (புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத்தை அளப்பது). சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகும் என்று கல்லூரியில் கேட்டு, அந்த ஆண்டு யூ.பி.எஸ்.சி. அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய உதவிப் பொறியாளர் வேலையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பொறியியல் படித்தவர்களுக்கு.

தனியாரிலும் வாய்ப்பு கூடிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றைத் தயாரிக்கும்போது எவ்வளவு கார்பன் வெளியேறியது என்று கணக்கு கேட்கிறது. நம் நாட்டிலும், இலக்கைவிடக் குறைவாகக் கார்பன் வெளியிடும் ஆலைகள் அந்த மிச்சத்தை மற்றவர்களுக்கு விற்கக்கூடிய கார்பன் வர்த்தகத் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. இதற்கெல்லாம் கணக்குப் போட ஆள் வேண்டும். ஆனால் பட்டம் வாங்கியதும் ஐ.டி. போலக் கல்லூரிக்கே வந்து கூட்டமாக ஆள் எடுத்துப்போவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆராய்ச்சி உதவியாளராக இரண்டு மூன்று வருடம் சுமாரான சம்பளத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். வீட்டில் கடன் நெருக்கடி இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்ததும் கணக்கு மார்க்கோடு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்று அப்போது பேசலாம்.