சுருக்கமாகச் சொல்லச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

அம்மா காலையில் மலேசிய அரசின் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மைத் திறந்தால் பேச்சுதான். யாரோ ஓர் அதிகாரி, அடையாள அட்டை, சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு, பிள்ளைகளின் படிப்பு. கூப்பிடும் நேயர்கள் சுற்றி வளைத்தே பேசுகிறார்கள். இதையெல்லாம் கைப்பேசியில் தேடிக்கொள்ளலாமே, இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் இன்னும் தேவையா?

ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள தம்பி,

தேவைதான். கைப்பேசியில் உங்களால் தேட முடியும். அம்மாவால் முடியுமா என்று கேட்டீர்களா? சரி, அதை விடுங்கள்.

'சுற்றி வளைத்து' என்று எழுதினீர்களே, அதுதான் தைத்தது. கொஞ்ச நாளாகவே பாட்டி நினைப்பில்தான் இருக்கிறேன்.

நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். அங்கே ரேடியோவுக்குத் துணியில் உறை தைத்துப் போட்டு வைத்திருந்தார் பாட்டி. வானொலி ஆறு 2005இல் மின்னல் ஆன பிறகும் அவருக்கு அது 'ஆறு'தான். சுதந்திரத்துக்கு முன்பே இந்த மண்ணில் பிறந்தவர், கையில் இருந்ததோ சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் அட்டை. அப்படி 1957இல் சுதந்திரம் கிடைக்கும் முன் இங்கே பிறந்தவர்கள், குடியிருந்த காலமும் ஓரளவு மலாயும் இருந்தால், பதிந்துகொண்டு குடியுரிமை பெறலாம் என்று அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு சொல்கிறது. பாட்டிக்கு யார் இதைச் சொன்னார்கள்?

கடைசிக் காலத்தில் கோலாலம்பூரில் என்னோடு இருந்தார். ஒருநாள் ஒரு வானொலியில் (எது என்பது இங்கே வேண்டாம்) குடியுரிமை பற்றிப் பேச்சு. கூப்பிட வேண்டும் என்றார். போன் பேசத்தான், ஆனாலும் சேலை மாற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் அந்தச் சிவப்பு அட்டை, அறிவிப்பாளர் எடுத்துக் காட்டச் சொல்வார் என்பது போல. "எங்க ஆத்தா பால் வெட்டப் போன எடத்துலயே வலி வந்து, மருத்துவச்சி ஓடி வந்து..." என்று ஆரம்பித்தார். "சுருக்கமா சொல்லுங்கம்மா, கேள்விக்கு வாங்க" என்றது அந்தக் குரல். பாட்டி தடுமாறினார். இணைப்பு போய்விட்டது. அப்புறம் ரேடியோவில் அதிகாரி பதில் சொல்கிறார்: பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரட்டும்.

தம்பி, அந்தப் பத்திரம் இல்லை என்றுதானே அவர் சொல்ல வந்தார்! மருத்துவச்சி பார்த்த பிரசவம், யாரும் போய்ப் பதியவில்லை, அதுதான் சிக்கல். மருத்துவச்சியில் தொடங்காமல் அதை வேறு எங்கிருந்து தொடங்குவார்? நீங்கள் சுற்றி வளைப்பது என்கிறீர்களே, அதற்குள்தான் கேள்வி இருந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஆளை, இடத்தை, யார் கூட இருந்தார்கள் என்பதைச் சொல்லித்தான் விஷயத்துக்கு வருவார்கள். நேரம் இல்லை என்பார்கள். நாலு பேருக்குப் பதில் இரண்டு பேரைப் பேச விடட்டுமே, என்ன குறைந்துவிடும்? கூப்பிடுகிறவர் மூச்சு வாங்கும்போது இரண்டு விநாடி பொறுத்திருக்கத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

பாட்டி அதற்குப் பிறகு எந்த வானொலிக்கும் கூப்பிடவில்லை. அட்டை கடைசிவரை சிவப்புதான். நானாவது விசாரித்து அலைந்திருக்க வேண்டும், செய்யவில்லை.

நாளைக் காலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எப்போதாவது அந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட நினைத்தாரா, கூப்பிட்டு என்ன சொல்ல நினைத்தார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். நீளமாகவே எழுதுங்கள்.