பழைய புல்லட்: டிரம், ஹப், பிரேக் – கேள்வி பதில்

வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று ஓடும் பழைய நாலு கியர் புல்லட் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு பல பத்தாண்டுகள் புல்லட் இரண்டு சக்கரத்திலும் டிரம்மோடுதான் வந்தது. அதனால் பதில்களும் டிரம் பிரேக்கைச் சுற்றியே இருக்கும். டிரம் என்பது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு சேர்ந்து சுற்றும் கிண்ணம். அதற்குள் சுற்றாமல் நிற்கும் பிளேட்டில் வளைந்த இரண்டு ஷூ இருக்கும். பிரேக் பிடித்தால் கேம் என்ற திருகு அவற்றை விரிக்க, ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் டிரம்மில் உரசும்.

அண்ணே, முன் பிரேக்குக்குப் புது ஷூ போட்டு இரண்டு வாரம் ஆகிறது. பழையதைவிட மோசமாக இருக்கிறது. புல்லட் என்றாலே அப்படித்தான் என்கிறார் மெக்கானிக். டிஸ்க்குக்கு மாறிவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. புல்லட் என்றாலே அப்படித்தான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வருடம் ஓடிய டிரம் தேய்ந்து உள்வட்டம் பெரிதாகியிருக்கும். புது ஷூவின் வளைவு அதைவிடச் சின்னது. அதனால் ஷூ நடுவில் மட்டும் தொடும், இரு முனையும் தொடாது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். டிரம்மின் உள்பக்கம் முழுக்கச் சாக்பீஸ் தேயுங்கள். பிளேட்டை மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு லேசாகப் பிரேக் பிடித்துக் கழற்றுங்கள். லைனிங்கில் வெள்ளை ஒட்டிய இடம்தான் உங்கள் பிரேக். நான் பார்த்த பல வண்டிகளில் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத்தான் வெள்ளை இருந்தது, மற்ற இடமெல்லாம் புதுக்கருக்கு மாறாமல் அப்படியே. லைனிங் ஒட்டுபவரிடம் கொஞ்சம் கனமான லைனிங் கேளுங்கள். ஷூவைப் பிளேட்டில் மாட்டியபடியே லேத்தில் டிரம் அளவுக்குக் கடைந்து வாங்குங்கள்.

மாட்டும்போது ஆக்ஸில் நட்டை லூசாக விட்டு, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே நட்டை முறுக்குங்கள். அப்போதுதான் பிளேட் டிரம்மின் நடுவில் உட்காரும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் கேமைத் திருப்பும் ஆர்மும் அதை இழுக்கும் கேபிளும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் எவ்வளவு இழுத்தாலும் பலம் ஷூவுக்குப் போய்ச் சேராது. இதையெல்லாம் செய்த பிறகும் திருப்தி இல்லையென்றால் டிஸ்க்கைப் பற்றி யோசிப்போம்.

டிரம்மை லேத்தில் கடைந்து, அப்புறம் புது ரிம் கட்டினேன். இப்போது பிரேக் பிடித்தால் லீவர் கையில் துடிக்கிறது. ஏன்?

வரிசை மாறிவிட்டது. முன் சக்கரத்தில் டிரம் ஹப்போடு ஒன்றாகவே இருக்கிறது, ஸ்போக்கும் நேரே அந்த ஹப்பில் மாட்டுகிறது. ஸ்போக்கை இறுக்க இறுக்க அது ஹப்பை நாலா பக்கமும் இழுக்கும், வட்டம் கொஞ்சம் கோணும். எனக்கும் இதே நடந்திருக்கிறது. ஹப்பை மட்டும் கடைந்து வாங்கி, ரிம் கட்டி, முதல் சிக்னலிலேயே கையில் அந்தத் துடிப்பு தெரிந்தது. மறுபடி கடைய வேண்டியதாயிற்று. முதலில் ரிம் கட்டிக் கோட்டம் எடுங்கள், பிறகு முழுச் சக்கரத்தையும் லேத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய சக்கரம் ஏறும் லேத் எல்லாப் பட்டறையிலும் இருக்காது, தேடித்தான் போக வேண்டும்.

பிரேக் கிறீச்சிடுகிறது. டிரம்மைத் திறந்து ஏர் அடித்தால் போதுமா?

ஏர் மட்டும் அடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். பட்டறையில் நிற்கும் சின்னப் பையன்களும் அதையே சுவாசிக்கிறார்கள். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். சத்தத்துக்கு, லைனிங்கின் முன் விளிம்பைச் சரிவாக அரத்தால் ராவுங்கள். மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கினால் ஈரமாக வைத்துக்கொண்டே உப்புத்தாளில் தேயுங்கள். கிரீஸ் ஊறிய லைனிங் என்றால் பெட்ரோலில் கழுவுவது வீண், மாற்றிவிடுங்கள். கேமுக்குக் கிரீஸ் வைக்கும்போதும் பூசின மாதிரி இருந்தால் போதும்.

ஹப் பேரிங் புதுசு போட்டு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, இரைச்சல் வருகிறது.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயைத் திரும்பப் போட்டார்களா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் ஆக்ஸிலை முறுக்கினால் உள் வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். ஹப்புக்குள் தட்டி இறக்கும்போது உள் வளையத்தில் அடித்திருந்தாலும் இதே கதிதான். அடி வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். கிரீஸை அடைத்துத் திணிக்காதீர்கள். சூடேறி சீலைத் தாண்டி லைனிங்குக்குத்தான் போகும்.

ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் பின்னால் டொக் டொக் என்று சத்தம். செயின் சரியாகத்தான் இருக்கிறது.

ஹப்புக்கும் பின் டிரம்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கும். வண்டியை கியரில் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பல் சக்கரம் நகராமல் சக்கரம் மட்டும் தாராளமாக ஆடினால் ரப்பர்தான். புதியதை சோப்புத் தண்ணீர் தொட்டு நுழைத்துவிடுங்கள், ஆயில் பட்டால் ஊதிவிடும். இந்த வண்டியில் பின் டிரம்மும் பல் சக்கரமும் ஒரே வார்ப்பு. பல் கூர்மையாகித் தேய்ந்திருந்தால் டிரம்மோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அதனால் கழற்றிய கையோடு பற்களையும் பார்த்துவிடுங்கள்.

ஏற்காடு ஏற்றத்தில் நிறுத்தினால் முன் பிரேக்கை மீறி வண்டி பின்னால் நழுவுகிறது. இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கிறதே?

உங்களுடையது இரட்டை லீடிங் ஷூ. முன்னோக்கிப் போகும்போது சக்கரத்தின் சுழற்சியே இரண்டு ஷூவையும் டிரம்மோடு இழுத்து அழுத்தும். பின்னோக்கி உருண்டால் அதே சுழற்சி ஷூவைத் தள்ளிவிடும். அமைப்பே அப்படி, பழுது இல்லை. ஏற்றத்தில் பின் பிரேக்கில் கால் வையுங்கள். ஆனால் இரண்டு கேமையும் இணைக்கும் ராடின் நீளத்தை ஒருமுறை சரிபாருங்கள், இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் வாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும்.

மழைத் தண்ணீரில் இறங்கி வந்தால்?

பின்னால் வண்டி இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக உரசவிடுங்கள். சூட்டில் காய்ந்து பிடிப்பு திரும்பிவிடும். முழங்காலளவு தண்ணீரில் போயிருந்தால் அந்த வாரமே ஹப்பைத் திறந்து பேரிங்கைப் பாருங்கள்.