வக்கீல் பட்டத்துக்காக வீட்டுப் பாண்டில் கை வைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. மகள் டர்பனில் பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், நாடகமும் வரலாறும் முதன்மைப் பாடங்கள், மதிப்பெண் எல்லாம் எழுபதுக்கு மேல். படிப்பு முடிந்ததும் ஆனர்ஸ் சேர்ந்து, நம் கோயில்களில் ஆடிவந்த தெருக்கூத்தை, அதாவது இங்கே எல்லாரும் சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்கிறோமே அதை, ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறாள். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் அவளுடைய மாமாவோ, "கூத்து ஆராய்ச்சி சோறு போடுமா? பி.ஏ.வுக்கு மேல் எல்.எல்.பி. போடு, பணம் போதாவிட்டால் வீட்டுப் பாண்டைக் கூட்டிக்கொள்ளலாம்" என்கிறார். வீட்டை அடகு வைத்து வாங்கிய பேங்க் கடனைத்தான் பாண்டு என்கிறோம். அப்பாவும் பாதி ஒத்துக்கொண்டுவிட்டார். நீங்கள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கவலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தப்பான இடத்தில் நிற்கிறது. மகள் ஆராய்ச்சிக்குப் போவதில் இருக்கும் ஆபத்தைவிட மாமா சொல்லும் வழியில் இருக்கும் ஆபத்து பெரியது. முதலில் அதன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இதுவரை அவள் அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவியில் படித்திருக்கிறாள். அந்த உதவி முதல் பட்டத்தோடு நின்றுவிடும். பி.ஏ.வுக்கு மேல் எல்.எல்.பி. என்றால், சட்டப் பாடங்கள் எதுவும் எடுக்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்று வருடம். மூன்று வருடக் கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் உங்கள் கையிலிருந்து. அதோடு முடிந்ததா? அட்டர்னி ஆக வேண்டும் என்றால் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஸ் என்ற பயிற்சி செய்ய வேண்டும், போட்டித் தேர்வுகளைப் போல இல்லாவிட்டாலும் கடினமான தகுதித் தேர்வுகள் எழுத வேண்டும். ஆர்ட்டிகிள்ஸுக்கு இடம் தேடி எத்தனை எல்.எல்.பி. பிள்ளைகள் சி.வி.யைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள். ஷிஃப்ட் வேலை செய்கிற அப்பா, ஓய்வு பெறும் வயதை நெருங்கும்போது வீட்டின் மேல் புதுக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அதுவும் பிள்ளைக்கு விருப்பமே இல்லாத படிப்புக்கு.

மாமா நவி பிள்ளையை உதாரணம் காட்டினாராம். நல்ல உதாரணம்தான், முழுதாகச் சொல்வோம். டர்பனில் பஸ் ஓட்டுநரின் மகள். ஊர் மக்கள் பணம் சேர்த்துக் கொடுத்துப் படித்தவர். 1967ல் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்த, வெள்ளையர் அல்லாத முதல் பெண். அவருக்குச் சட்டம் உள்ளிருந்து வந்த ஆசை, யாரும் தள்ளிவிட்டுப் போனதில்லை. இன்னொன்றையும் மாமா சொல்ல மறந்துவிட்டார். நவி பிள்ளை அலுவலகத்தோடு நிற்கவில்லை. ஹார்வர்டுக்குப் போய் 1988ல் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அதுவும் ஆராய்ச்சிதான், அம்மா.

ஆசிரியர் பயிற்சி, சி.ஏ., ஐ.டி. பற்றியெல்லாம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இன்று யாரும் உட்கார்ந்து விளக்காத ஒன்றை மட்டும் விளக்குகிறேன்.

நம் குடும்பங்களில் பல்கலைக்கழகம் என்றால் பட்டம் தரும் இடம் என்றுதான் நினைக்கிறோம். அதில் தப்பு சொல்ல முடியாது. 1961ல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கட்டடங்களில் இந்தியருக்கென்று தனியாக ஒரு கல்லூரி தொடங்கியபோது, உள்ளே நுழைந்ததே பெரிய காரியமாக இருந்தது. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வேலை உண்டு. தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. யாருக்கும் இதுவரை தெரியாததைக் கண்டுபிடிப்பதும், இல்லாத ஒன்றைப் படைப்பதும் இன்னொன்று. டோங்காட்டில் பிறந்த விஞ்ஞானி குவராய்ஷா அப்துல் கரீமும் அவர் குழுவும் டர்பனில் இருந்தபடியே, பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய ஒரு ஜெல் தங்கள் சோதனையில் எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்று 2010ல் காட்டினார்கள். "அது லேப், இது கூத்து" என்று மாமா சொல்வார். அரசாங்கமே அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் பேராசிரியர்கள் வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அரசு பல்கலைக்கழகங்களுக்கு மானியம் கொடுக்கிறது. 2017ல் வந்த கொள்கையின்படி நாடகம், நடனம், இசை, ஓவியம், திரைப்படம், வடிவமைப்பு, இலக்கியம் போன்ற படைப்புகளும் அந்தக் கணக்கில் வருகின்றன. சும்மா இல்லை. படைப்போடு அதன் பின்னணியையும் கேள்வியையும் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தத் துறை வல்லுநர்கள் மதிப்பிட வேண்டும்.

இன்னொரு விஷயம், இது உங்கள் மகளுக்குச் சாதகமானது. ஆய்வு வழியாக ஒரு மாணவர் மாஸ்டர்ஸ் முடித்தால் பல்கலைக்கழகத்துக்கு மானியக் கணக்கில் ஓர் அலகு, முனைவர் பட்டம் முடித்தால் மூன்று அலகு. நன்றாகப் படிக்கும் ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வருவது துறைக்கும் லாபம். அதனால் அவள் பேராசிரியரிடம் போய்க் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை. நேராகப் போய்ப் பேசலாம்.

சரி, ஆனர்ஸ் என்றால் என்ன? இங்கே அது பி.ஏ.வுக்குப் பிறகு ஒரே ஒரு வருடம். மொத்தம் 120 கிரெடிட், அதில் குறைந்தது 30 கிரெடிட் சொந்தமாகச் செய்யும் ஆய்வு. மீதி வகுப்புகள். அந்த 30 கிரெடிட்டில்தான் ஒரு பிள்ளைக்கு ஆராய்ச்சி ஒத்துவருமா வராதா என்பது தெரிந்துவிடும். மாஸ்டர்ஸை ஆய்வு வழியாகச் செய்தால் 180 கிரெடிட், அது அடுத்த படி. இப்போதைக்கு ஒரு வருடத்தைப் பற்றி மட்டும் முடிவெடுத்தால் போதும்.

உங்கள் மகள் அந்த வருடத்தில் என்ன செய்வாள்? உங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கோயிலில் முன்பு கூத்தாடிய ஒரு தாத்தாவிடம் பழைய பாட்டு நோட்டு இருக்கிறது, மகள் சனிக்கிழமைகளில் போய் அவர் பாடுவதை ஃபோனில் பதிவு செய்கிறாள் என்று. நீங்கள் அதைக் குறையாக எழுதினீர்கள். என் கண்ணில் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். யாரும் சொல்லாமல், மார்க் கிடைக்காத ஒன்றைத் தொடர்ந்து செய்கிறாள் பாருங்கள், ஒரு பிள்ளையின் நாட்டம் எதில் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி கிடையாது.

அந்த நோட்டிலிருந்து ஓர் ஆய்வுக் கேள்வி பிறக்கும். தமிழ்நாட்டில் தெருக்கூத்துக்கு வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று இரண்டு உண்டு. நேட்டாலுக்கு வந்த கூத்து எந்தப் பாணி? இரண்டும் கலந்ததா? இதற்குப் பதில் தேட நம்மிடம் ஓர் அருமையான கருவி இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறத்தாழ 1,52,000 பேரின் விவரங்கள் கப்பல் பட்டியல்களில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருக்கும் தழும்புகூட எழுதியிருப்பார்கள். அந்தத் தாத்தாவின் குடும்பத்துக்கு அந்த எண் தெரிந்தால், அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டுக்காரரா தென் ஆற்காட்டுக்காரரா என்று தெரிந்துவிடும். அப்புறம் பாட்டின் ராகத்தையும் அடவையும் அந்தப் பக்கத்துக் கூத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குடியேற்றக் காப்பாளர் அலுவலகத்தின் பழைய கோப்புகளைப் பார்க்கப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. எல்லாம் பஸ்ஸில் போய் வரும் தூரம்.

இதில் படைப்பும் சேரும். நோட்டில் இருக்கும் ஒரே ஒரு காட்சியை, அர்ஜுனன் தபசில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம், இன்றைய இளம்பிள்ளைகளை வைத்து மேடையேற்றலாம். விடிய விடிய ஆடியதை ஒரு மணி நேரமாகச் சுருக்கும்போது எதை விட்டோம், ஏன் விட்டோம்? கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் தமிழில் பேசினால் சபைக்குப் புரியாது, ஆங்கிலத்தில் பேசினால் சிரிப்பு வருமா? கூத்தில் ஊதும் சின்னக் குழலான முகவீணையை வாசிக்க ஆள் இல்லாதபோது என்ன செய்தோம்? இப்படி ஒவ்வொரு முடிவையும் எழுதிவைத்து அதிலிருந்து கட்டுரை எழுத வேண்டும். தேர்வாளர்கள் சபையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார்கள், பிறகு கட்டுரையைப் படிப்பார்கள். ஹோவர்ட் காலேஜ் வளாகத்து நாடகத் துறையில் மேடையேற்றமும் ஆய்வும் சேர்ந்தே நடப்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இனி மகளுக்கும் சில வார்த்தை. ஃபோனில் பதிவு செய்ததெல்லாம் ஆராய்ச்சி ஆகிவிடாது. மனிதர்களிடம் பேட்டி எடுக்கும் ஆய்வுக்குப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். கோயில் கமிட்டியின் கடிதம் வேண்டும். தாத்தாவின் கையெழுத்தோடு சம்மதப் படிவம் வேண்டும், அதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டி விளக்க வேண்டும். அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம், பின்னால் யார் கேட்கலாம் என்பதை முதலிலேயே பேசிவிடு. அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே ஜனவரியில் தொடங்கு என்று சொன்னால் ஜனவரியில் தொடங்கு.

அதைவிட முக்கியம், நோட்டு தமிழ் எழுத்தில் இருக்கிறது, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று அம்மா எழுதியிருக்கிறார். முன்பு நம் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு பாடமாகவே இருந்தது, பிறகு அந்தத் துறையை மூடிவிட்டார்கள். அதனால் நீ வீட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அம்மா எவ்வளவு அழகாகத் தமிழ் எழுதுகிறார்! இன்று மாலையே அவர் பக்கத்தில் உட்கார். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூல நோட்டைத் தானே படிக்க முடியாதவர் அதைப் பற்றி ஆய்வு எழுதக் கூடாது.

பணத்துக்கு வருவோம், அம்மா. ஆனர்ஸுக்கும் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். கிடையாது. ஆனால் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, என்.ஆர்.எஃப்., ஆனர்ஸிலிருந்து முனைவர் வரை உதவித்தொகை கொடுக்கிறது. கலைப் பாடங்களுக்கும் உண்டு. ஆனர்ஸுக்கு விண்ணப்பிக்கும் வயது 28க்குள் இருக்க வேண்டும், முதன்மைப் பாடங்களில் சராசரி 65 சதவீதமாவது வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் முழுச் செலவுக்கான பிரிவில் கேட்கலாம். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். கிடைத்த குடும்பம் என்பதால் அந்த வரம்புக்குள்தான் இருப்பீர்கள். இதற்கான அறிவிப்பு வழக்கமாக வருடத்தின் நடுவிலேயே வந்துவிடும், பல்கலைக்கழகம் உள்ளுக்குள் வைக்கும் கடைசித் தேதி என்.ஆர்.எஃப்.பின் கடைசித் தேதிக்கும் முன்னால் முடியும். நம் பிள்ளைகள் ஏமாறுவது இந்தத் தேதியில்தான். நவம்பர் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் போச்சு. முதுநிலை நிதி உதவி அலுவலகத்துக்கு நேரில் போய் இந்த வருடத் தேதியையும் விதிகளையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஆனர்ஸ் மாணவர்களை முதலாண்டு வகுப்புகளுக்கு டியூட்டராக எடுப்பதும் உண்டு, மணிக்கணக்கில் சம்பளம்.

உதவித்தொகை கிடைக்காவிட்டால்? அப்போதும் கடன் வேண்டாம். ஒரு வருடம் வேலை பார்க்கட்டும், நோட்டுப் புத்தக வேலையைத் தொடரட்டும், மறுபடி விண்ணப்பிக்கட்டும். 28 வயது வரை இடம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காகவும் நான் வீட்டை அடகு வைக்கச் சொல்ல மாட்டேன்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். விரிவுரையாளர் பணியிடங்கள் குறைவு. அதை நம்பி மட்டும் போகக் கூடாது. ஆனால் அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், மாகாணத்து அமாஃபா மரபு நிறுவனம், நாடகக் கல்வி, ஆவணப்படம் என்று பல இடங்களில் பேட்டி எடுக்கவும், ஆவணம் படிக்கவும், தெளிவாக எழுதவும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். ஆனர்ஸ் வருடம் கற்றுக்கொடுப்பது இந்த மூன்றையும்தான். பின்னால் முனைவர் வரை போக நினைத்தால், மனிதவியல் ஆய்வுகளுக்கென்றே 2013ல் அமைத்த தேசிய நிறுவனம் முனைவர் உதவித்தொகை தருகிறது. 2015ல் தொடங்கிய என்-காப் திட்டத்தில், இளம் விரிவுரையாளரை வேலையில் அமர்த்தி, வகுப்புச் சுமையைக் குறைத்து, முனைவர் பட்டம் முடிக்க விடுகிறார்கள். போட்டி கடுமைதான், ஆனாலும் கதவு இருக்கிறது. ஒரு வருடம் கழித்து, சட்டம்தான் வேண்டும் என்று அவளே சொன்னால் அப்போதும் எல்.எல்.பி. சேரலாம். அது எங்கும் ஓடிப்போகாது.

மாமாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். அடுத்த முறை அவர் ஃபோன் செய்யும்போது அப்பாவே பேசட்டும், பாண்டைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்தட்டும். பேங்க் படிவம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வாரமே மகள் மூன்று பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். ஒரு பக்கத்தில் கேள்வியைச் சொல்லி, நோட்டின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பட்டும். படம் எடுப்பதற்கு முன் தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.