பெட்டியின் மேல் இருப்பது அப்பாவின் பெயர்

கேள்வி: புகைப்படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் பழைய கேமரா லென்ஸ் ஒன்றை வாங்கினேன். உள்நாட்டு விலையைவிட அது மிகவும் மலிவு. வரி அதிகம் வராமல் இருக்க, பெட்டியின் மேல் ‘பரிசு’ என்று எழுதி, மதிப்பையும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துப் போடுவதாக விற்பனையாளரே சொன்னார்; நானும் சரி என்றேன். பகலில் நான் அலுவலகத்தில் இருப்பதால், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அப்பாவின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தேன். இப்போது பெட்டி சுங்கத்தில் நிற்கிறது. மதிப்புக்கு ஆதாரம் வேண்டும் என்று கூரியர் நிறுவனம் கேட்கிறது. கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகிறது. குறைந்த தொகைக்கு வேறொரு ரசீது தயாரித்துத் தருவதாக விற்பனையாளர் சொல்கிறார். அதை அனுப்பலாமா? அல்லது பெட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, லென்ஸின் விலையையும் வரியையும் கிடங்கு வாடகையையும் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் முகவரி விவரம் சொல்வதைப் போல. சுங்கத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது என்று இந்தப் பகுதிக்கு அடிக்கடி கடிதம் வருகிறது. ‘பதற்றப்பட வேண்டாம், எப்படியும் வந்து சேரும்’ என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் உங்களுக்கு நான் அப்படி எழுதப்போவதில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பதற்றப்பட வேண்டிய விஷயம் அந்த ஒரு வாக்கியம்தான்.

பெட்டியின் மேல் பெறுநராக யார் பெயர் இருக்கிறதோ, அவரையே பொதுவாகச் சுங்கத்துறை இறக்குமதி செய்தவராகக் கொள்கிறது. பணம் உங்கள் அட்டையிலிருந்து போயிருக்கலாம், பேரம் பேசியது நீங்களாக இருக்கலாம்; ஏட்டில் நிற்பது உங்கள் அப்பா. அடையாள அட்டையின் நகலைக் கூரியர் நிறுவனம் கேட்டால், கொடுக்க வேண்டியவர் அவர். அவர் சார்பில் சுங்க அறிவிப்பைத் தாக்கல் செய்யச் சம்மதக் கையெழுத்துத் தேவைப்பட்டால், போட வேண்டியவரும் அவரே. மதிப்பைப் பொய்யாகக் காட்டியதற்கு அபராதம் விதித்தால், அந்த அறிவிப்பும் அவர் பெயருக்குத்தான் வரும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, என் மகன் வாங்கியது’ என்று அதிகாரியிடம் சொல்லித் தப்பிக்க எத்தனை அப்பாக்களுக்கு மனம் வரும்? பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதைவிடப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வதையே பெரும்பாலான அப்பாக்கள் தேர்ந்தெடுப்பார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு காகிதத்திலும் தவறாகக் கையெழுத்திடாமல் ஓய்வு பெற்ற ஒரு மனிதரை, ஒரு கண்ணாடிச் சில்லுக்காக, தான் எழுதாத பொய்க்குப் பதில் சொல்லும் இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமா? நீங்கள் அதைச் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்து தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

‘பரிசு’ என்பது வரியைக் குறைக்கப் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டு அன்று. ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்குப் பணம் வாங்காமல் அனுப்புவதற்கே அந்தச் சலுகை. அதற்கும் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 45 யூரோ, பிரிட்டனில் 39 பவுண்டு. உங்களுக்காக நீங்களே விலை கொடுத்து வாங்கிய பொருள் பரிசு ஆகாது. மதிப்பு விஷயத்திலும் இப்படித்தான். உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு உடன்பாட்டின்படி, உண்மையில் கொடுத்த விலையே கணக்கிற்கு முதல் அடிப்படை. எழுதிய விலையில் சந்தேகம் வந்தால் ஆதாரம் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. நீங்கள் லென்ஸைக் கண்டுபிடித்த அதே இணையப் பக்கத்தை அவரும் திறந்து பார்க்க முடியும் என்பதை யோசித்தீர்களா?

ஆகையால் அந்த இரண்டாவது ரசீதை அனுப்பாதீர்கள். முதல் தவறை விற்பனையாளர் சொன்னார், நான் தலையாட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது, தெரிந்தே பொய் ஆவணம் கொடுப்பது. அதையும் அப்பாவின் பெயரில் கொடுப்பது. இதை யோசனையாக எழுதிக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

வரி இல்லாமலே வந்துவிடும் என்ற நம்பிக்கை பழைய காலத்தது. 22 யூரோவுக்குக் குறைவான பொருள்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்று எடுத்துவிட்டது. ஆஸ்திரேலியா 2018-லிருந்தே குறைந்த மதிப்புள்ள பொருள்களுக்கும் வரி வாங்குகிறது. 800 டாலர் வரை தாராளமாக விட்டுவந்த அமெரிக்காவும் 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை நிறுத்தியது. வாங்குமுன் உங்கள் நாட்டுச் சுங்கத்துறையின் இணையதளத்தில் பார்த்திருந்தால், லென்ஸ் உண்மையில் மலிவா என்பது தெரிந்திருக்கும். கணக்கு இப்படித்தான் ஓடும்: பொருளின் விலை 100, அனுப்பும் செலவு 20 என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளில் அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்தே மதிப்பிடுவார்கள், ஆகவே 120. சுங்க வரி 10 சதவீதம் என்றால் 12, மொத்தம் 132. இதன்மேல் 20 சதவீத விற்பனை வரி 26.40. நூறுக்கு வாங்கிய பொருள் 158.40-ல் வந்து நிற்கிறது. வரியை முன்கூட்டிக் கட்டியதற்காகக் கூரியர் நிறுவனம் வாங்கும் கட்டணமும், வேற்று நாணயத்தில் செலுத்தியதற்காக வங்கி பிடிக்கும் தொகையும் இதற்கு மேல். சதவீதங்கள் நாட்டுக்கு நாடு, பொருளுக்குப் பொருள் மாறும். வரியின் மேல் வரி ஏறும் இந்த முறை பல நாடுகளில் உண்டு.

பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள். சொல்லலாம், ஆனால் அதுவரை ஏறிய கிடங்கு வாடகையும் திருப்பி அனுப்பும் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். வாங்குபவர் ஏற்க மறுத்து வந்த பெட்டிக்கு முழுப் பணத்தையும் தர விற்பனையாளர் முன்வருவது அரிது. வழியில் தொலைந்தாலோ உடைந்தாலோ, இழப்பீட்டைப் பெட்டியில் எழுதிய மதிப்பை வைத்தே கணக்கிடுவார்கள். அதைத்தான் ஐந்தில் ஒரு பங்காக நீங்களே குறைத்துவிட்டீர்கள். பணத்தை மீட்க வங்கியிடம் முறையிட்டாலும், ‘பரிசு’ என்று எழுதிய அந்தக் காகிதம் உங்களுக்கு எதிராகவே பேசும். குறைத்து எழுத முன்வந்த விற்பனையாளர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. பொருளை அனுப்பிய கையோடு பொறுப்பையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்.

செய்ய வேண்டியது இது. இன்றைக்கே அப்பாவை உட்கார வைத்து, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதச் சம்மதித்தது என்பதை முழுவதும் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள்; கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. பிறகு விற்பனைப் பக்கத்தின் நகல், பணம் செலுத்தியதற்கான வங்கிச் சான்று, விற்பனையாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து, வாங்கியது நான், உண்மையான விலை இது, வரியைக் கட்டத் தயாராக இருக்கிறேன் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதிக் கூரியர் நிறுவனத்தின் வழியாகச் சுங்கத்துறைக்குக் கொடுங்கள். தானே முன்வந்து திருத்துபவரிடம் பல இடங்களில் குறைந்த கண்டிப்பே காட்டுவார்கள், ஆனால் அபராதமே இராது என்று நான் சொல்லமாட்டேன். வந்தால் கட்டுங்கள், உங்கள் பணத்திலிருந்து. நேரில் வரச் சொன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவுடன் போங்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. அப்பாவின் கைப்பேசி எண் இப்போது முன்பின் தெரியாத விற்பனையாளரிடம் இருக்கிறது. ‘உங்கள் பெட்டி நிற்கிறது, சிறு தொகை கட்டினால் விடுவிப்போம்’ என்று இணைப்புடன் குறுஞ்செய்தி அனுப்பி, வங்கி அட்டை எண்ணைப் பறிப்பது உலகெங்கும் நடக்கும் மோசடி. பெட்டி உண்மையிலேயே நிற்கும் வீட்டில் அது இன்னும் எளிதாகப் பலிக்கும். எந்த இணைப்பையும் தொட வேண்டாம், கூரியர் நிறுவனத்தின் இணையதளத்தில் கண்காணிப்பு எண்ணைப் போட்டு நானே பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லி, அதன்படி நீங்களே பாருங்கள்.

பெட்டி கைக்கு வந்தால், பிரிப்பதைக் காணொளியாக எடுத்துக்கொண்டு, லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்கண்ணாடியில் நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா, ஒளி புகும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய லென்ஸில் இரண்டும் சகஜம். விற்பனைத் தளங்களில் புகார் சொல்லக் கெடு குறுகியது. இனி எதை வாங்கினாலும் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லை என்றால், கூரியர் அலுவலகத்திலேயே வைத்திருக்கச் சொல்லி மாலையில் நீங்களே போய் வாங்கிக்கொள்ளும் வசதி பல நிறுவனங்களில் உண்டு.